ஐபி வந்துவிட்டது என்கிறார் ஏஜென்ட்: சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட் கைக்கு வரும்வரை

கேள்வி இதுதான். கட்டுமான வேலைக்குச் சிங்கப்பூர் போகப் பார்க்கிறார் ஒருவர். ஸ்கில் டெஸ்ட் தேறியாகிவிட்டது. "ஐபி வந்துவிட்டது, மீதிப் பணத்தைக் கட்டுங்கள், பத்து நாளில் ஃபிளைட்" என்கிறார் ஏஜென்ட். ஐபி என்றால் பெர்மிட்தானா? பணம் கட்டுமுன் எதைப் பார்க்க வேண்டும்? போய் இறங்கியபின் என்னென்ன நடக்கும்?

ஐபி பெர்மிட் அல்ல. இந்த ஆளுக்குப் பெர்மிட் தர எங்களுக்குத் தடையில்லை என்று சிங்கப்பூர் மனிதவள அமைச்சு கம்பெனிக்குத் தரும் கொள்கையளவு ஒப்புதல் கடிதம். அதைக் காட்டி நாட்டுக்குள் ஒருமுறை நுழையலாம், அவ்வளவுதான். மருத்துவச் சோதனை தேறி, கம்பெனி கேட்டு, அமைச்சு பெர்மிட்டை வழங்கிய பிறகே வேலையில் கை வைக்கலாம். ஏமாற்று வேலைகளில் பெரும்பாலானவை ஐபி கடிதத்துக்கும் பெர்மிட் கார்டுக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. கடிதத்தை நிதானமாகப் படித்தால் பலவற்றை முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

விண்ணப்பம் போடுவது தொழிலாளி அல்ல என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி போடும், அல்லது கம்பெனி அமர்த்திய, சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி போடும். உங்கள் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் போடக்கூடாது. விண்ணப்பத்துக்கு 35 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பெர்மிட் வழங்கும்போது 35 வெள்ளி. அரசுக்குப் போகும் கட்டணம் இந்த 70 வெள்ளிதான், அதையும் கட்டுவது கம்பெனி. ஆன்லைனில் போட்ட விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்தில் பதில் வந்துவிடும். "கவர்மென்ட் ஃபீஸே அதிகம், ஃபைல் மூன்று மாதமாக மேலிடத்தில் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அந்த ஃபைல் இன்னும் போடப்படவே இல்லை என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

உங்களுக்கு எந்த பாஸ் கிடைக்கும்

ஏஜென்ட் சொல்லும் வேலைக்கு அவர் சொல்லும் பாஸ் சட்டப்படி கிடைக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொழிலாளர்களுக்கு ஒர்க் பெர்மிட், நடுத்தரத் திறன் வேலைக்கு எஸ் பாஸ், நிர்வாக, தொழில்முறை வேலைக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்று மூன்று அடுக்கு உண்டு. ஒர்க் பெர்மிட்டுக்குப் பொதுவாகக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. அதற்குப் பதிலாக எந்த நாட்டுக்காரர் எந்தத் துறையில் வேலை செய்யலாம் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. இந்தியா, இலங்கை, வங்காளதேசம், மியன்மார், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் போன்ற சில நாட்டவருக்கு ஒரு பிரிவு. இவர்கள் கட்டுமானம், கப்பல் பட்டறை, எண்ணெய் சுத்திகரிப்பு மற்றும் ரசாயன ஆலைகளின் கட்டுமான பராமரிப்புப் பணி ஆகிய மூன்றிலும் ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்யலாம். வீட்டு வேலைக்கான பெர்மிட் தனி, அதன் விதிகளும் தனி.

கடை, அலுவலகம், கிடங்கு, தொழிற்சாலை வேலைக்கு இந்த நாட்டவருக்கு ஒர்க் பெர்மிட் பொதுவாகக் கிடையாது. விதிவிலக்காக ஒரு பட்டியல் உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கியபோது இந்திய உணவகச் சமையல்காரர், வெல்டர், தகட்டு வேலையாள், ஹோட்டல் அறைப் பணியாளர் போன்ற சில வேலைகள் அதில் இருந்தன. 2025 செப்டம்பர் முதல் எல்லா வகைச் சமையல்காரர்கள், கனரக வாகன ஓட்டுநர்கள், தொழிற்சாலை ஆபரேட்டர்கள் ஆகியோரும் சேர்ந்தார்கள். இந்தப் பட்டியலில் எடுத்தால் மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம் தர வேண்டும், கம்பெனி ஆட்களில் இப்படி எடுக்கக்கூடியவர்களுக்கு 8 சதவீத உச்சவரம்பும் இருக்கிறது. ஆகவே "சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர், ஒர்க் பெர்மிட், சம்பளம் 1,200 வெள்ளி" என்று ஒருவர் சொன்னால் பேரம் பேச அதில் எதுவுமே இல்லை. அப்படி ஒரு பெர்மிட் இந்தியருக்குக் கிடையாது.

எஸ் பாஸுக்கு நாட்டுக் கட்டுப்பாடு இல்லை, சம்பளக் கட்டுப்பாடு உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல் புதிய விண்ணப்பத்துக்குக் குறைந்தது 3,300 வெள்ளி, நிதித்துறையில் 3,800. வயது ஏற ஏற இந்த வரம்பும் ஏறும். கம்பெனிக்கு ஒதுக்கீடும் உண்டு. சேவைத் துறையில் மொத்த ஆட்களில் 10 சதவீதம், கட்டுமானம், உற்பத்தி போன்றவற்றில் 15 சதவீதம். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் குறைந்தது 5,600 வெள்ளி, அதோடு புள்ளி அடிப்படையிலான காம்பஸ் மதிப்பீட்டில் 40 புள்ளி. டிப்ளமா, டிகிரி காட்டி விண்ணப்பிப்பவர் பல்கலைக்கழகச் சரிபார்ப்புக்குத் தயாராக இருக்க வேண்டும். போலிச் சான்றிதழைக் கொடுத்து அறிவிப்பு செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனையோடு சிங்கப்பூர் வேலைக் கதவும் மூடிவிடும்.

எஸ் பாஸ் பெயரில் நடக்கும் ஒரு தந்திரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கடிதத்தில் 3,300 வெள்ளி இருக்கும், கணக்கிலும் அதே தொகை ஏறும். பிறகு மாதாமாதம் 1,500 வெள்ளியை ரொக்கமாகத் திருப்பித் தரச் சொல்வார்கள். சம்பளத்தைப் பொய்யாக அறிவிப்பது கம்பெனியின் குற்றம், வேலை தருவதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது அதைவிடப் பெரிய குற்றம். பின்னதற்கு 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் இந்த ஏற்பாட்டை முன்பே ஒப்புக்கொண்டு போகிற தொழிலாளியும் பொய் அறிவிப்புக்கு உடந்தையாகிறார். "எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்பது விசாரணையில் உதவாது.

கட்டுமானத்துக்கு மட்டும்: டெஸ்ட், லெவி, பாண்டு

கட்டுமானத்தில் மேற்சொன்ன நாட்டவருக்குப் பெர்மிட் வேண்டுமானால் சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் நடத்தும் திறன் சான்றிதழ் தேவை. அதை அந்த ஆணையம் அங்கீகரித்த வெளிநாட்டுத் தேர்வு மையங்களில் எழுதலாம். கம்பி கட்டுதல், பலகை அடித்தல், டைல்ஸ், பிளம்பிங், மின்வயரிங் என்று தொழில்வாரியாகத் தேர்வு, எழுத்தும் செய்முறையும் உண்டு. தேறிவிட்டால் வேலை கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. தகுதி வந்துவிட்டது, அவ்வளவே. பயிற்சி நிலையமே வேலையும் வாங்கித் தருவதாகச் சொன்னால் பயிற்சிக்கு எவ்வளவு, தேர்வுக்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு என்று தனித்தனி ரசீது கேளுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்பவரிடம் பின்னால் எதையும் திரும்பக் கேட்க முடியாது.

ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் கம்பெனி அரசுக்கு மாதாமாதம் லெவி என்ற தீர்வையைக் கட்டுகிறது. 2024 ஜனவரி முதல் கட்டுமானத்தில் உயர்திறனாளர் என்றால் 500 வெள்ளி, அடிப்படைத் திறனாளர் என்றால் 900. புதிதாகப் போகிறவர் பெரும்பாலும் 900 வெள்ளிப் பிரிவு. இந்த 400 வெள்ளி வித்தியாசம்தான் பல விஷயங்களுக்குக் காரணம். அனுபவசாலியைக் கம்பெனி விடாமல் பிடித்து வைப்பதும், புதியவருக்குச் சம்பளம் குறைவாக இருப்பதும், "லெவி ஏறிவிட்டது, உன் சம்பளத்தில் நூறு வெள்ளி பிடிக்கிறேன்" என்ற பேச்சு எழுவதும் இதனால்தான். லெவியைத் தொழிலாளியிடமிருந்து எந்த வடிவிலும் வசூலிக்க முடியாது.

பாண்டும் அப்படியே. மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட்காரருக்கும் கம்பெனி 5,000 வெள்ளிக்குப் பிணை உத்தரவாதம் வைக்க வேண்டும், அது ஆள் வருமுன் தயாராக இருக்க வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் 5,000 வெள்ளியை ரொக்கமாக வைப்பதில்லை, வங்கி அல்லது காப்பீட்டு நிறுவன உத்தரவாதமாக வாங்கிக்கொள்கின்றன. "பாண்டுப் பணம் 5,000 வெள்ளி நீ கட்டு, முடிந்ததும் திரும்பக் கிடைக்கும்" என்றால் அந்தப் பணம் பாண்டுக்குப் போவதில்லை. மருத்துவக் காப்பீடும் கம்பெனி பொறுப்பு. ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு உள்நோயாளிச் சிகிச்சைக் காப்பீடு என்பது 2023 ஜூலை முதல் விதி.

வயது பற்றியும் பழைய தகவல்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒர்க் பெர்மிட்டில் இத்தனை ஆண்டுதான் இருக்கலாம் என்ற உச்சவரம்பு 2025 ஜூலை 1 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. 63 வயது வரை வேலை செய்யலாம், புதிதாக விண்ணப்பிப்பவர் 61 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும். குறைந்தபட்சம் 18.

கடிதத்தை எப்படிப் படிப்பது

ஐபி கடிதத்தின் ஒரு பிரதியைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில், அவர் கிளம்புமுன், கம்பெனி அனுப்பியாக வேண்டும். தமிழ்ப் பிரதி உண்டு. "ஏர்போர்ட்டில் தருகிறேன்" என்பது பதிலல்ல. வாட்ஸ்ஆப்பில் மங்கலாக ஒரு பக்கம் மட்டும் வந்தால் எல்லாப் பக்கங்களையும் கேளுங்கள், ஏனென்றால் சம்பள விவரம் பெரும்பாலும் நீங்கள் பார்க்காத பக்கத்தில் இருக்கும்.

பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம் பாஸ்போர்ட்களில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருப்பதும், தந்தை பெயர் அங்கே ஏறியிருப்பதும், சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருப்பதும் சகஜம். கடிதம் வந்தபின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் எண் மாறியிருக்கும். அதைக் கம்பெனி அமைச்சுக்குத் தெரிவித்துத் திருத்திய பிறகே கிளம்ப வேண்டும். பாஸ்போர்ட் காலாவதி நெருங்கியிருந்தால் இன்னொரு இழப்பும் உண்டு. பெர்மிட் வழக்கமாக இரண்டு ஆண்டு வரை தரப்படும், ஆனால் பாஸ்போர்ட் அதற்குமுன் முடிந்தால் பெர்மிட்டும் குறுகிவிடும். விண்ணப்பத்துக்கு முன்பே புதுப்பிப்பது உத்தமம்.

கம்பெனி பெயரைப் பாருங்கள். ஏஜென்ட் சொன்ன பெயரும் கடிதத்தில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் கடிதத்தில் உள்ளவர்தான் உங்கள் முதலாளி. போனபின் வேறொரு கம்பெனிக்கு வேலை செய்யச் சொன்னால் அது சட்டவிரோதம், சிக்குவது நீங்களும்தான்.

அடுத்து சம்பளம். இதில் அவசரப்படாதீர்கள். கடிதத்தில் பேசிக் சம்பளம், நிலையான அலவன்ஸ்கள், நிலையான பிடித்தங்கள், இவற்றால் வரும் நிலையான மாதச் சம்பளம் என்று தனித்தனியாக இருக்கும். ஏஜென்ட் சொல்லும் "மாசம் 1,400 வரும்" என்பது வழக்கமாக இவை எதுவும் அல்ல, ஓடி (ஓவர்டைம், கூடுதல் நேர வேலைக்கான கூலி) எல்லாம் சேர்த்து அவர் போட்ட கணக்கு. ஓடி எதிலிருந்து கணக்கிடப்படுகிறது என்று தெரிந்தால் பேசிக்கின் அருமை புரியும். மாதப் பேசிக்கை 12 ஆல் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் 44 மணி நேரமான 2,288 ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. அதன் ஒன்றரை மடங்குதான் ஓடி. அலவன்ஸ் இந்தக் கணக்கில் வராது.

இரண்டு கடிதங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் நிலையான மாதச் சம்பளம் 1,000 வெள்ளி. ஒன்றில் பேசிக் 600, அலவன்ஸ் 400. மற்றதில் பேசிக் 900, அலவன்ஸ் 100. முதலாமவருக்கு ஓடி மணிக்கு 4.72 வெள்ளி, இரண்டாமவருக்கு 7.08. மாதம் 60 மணி நேரம் ஓடி பார்த்தால் ஒருவருக்கு 283, மற்றவருக்கு 425 வெள்ளி. அதே வியர்வைக்கு மாதம் சுமார் 140 வெள்ளி வித்தியாசம். மாதத்துக்கு ஓடி 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி, ஆகவே "ஓடி நூற்றைம்பது மணி வரும்" என்ற வாக்குறுதியையும் இதை வைத்தே எடை போடலாம்.

பிடித்தங்களில் தங்குமிடம், சாப்பாடு என்று இருக்கலாம். தங்குமிடம் போன்றவற்றுக்கான பிடித்தம் சம்பளத்தில் 25 சதவீதத்தையும், எல்லாப் பிடித்தமும் சேர்ந்து 50 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. கடிதத்தில் அறிவித்த நிலையான சம்பளத்தை, உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமலும் அமைச்சுக்குத் தெரிவிக்காமலும் கம்பெனி குறைக்க முடியாது. போய் இறங்கியதும் "இதில் ஒரு கையெழுத்துப் போடு" என்று நீட்டப்படும் தாளில் பெரும்பாலும் இந்த ஒப்புதல்தான் இருக்கும். படிக்காமல் போடாதீர்கள். புரியாத மொழியில் இருந்தால் போடவே வேண்டாம்.

கடிதம் உண்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிடிஎஃப்பில் பெயரை மாற்றுவது ஐந்து நிமிட வேலை, முத்திரையும் சின்னமும் எதையும் நிரூபிக்காது. மனிதவள அமைச்சின் இணையதளத்தில் வேலை அனுமதியின் நிலையைப் பார்க்கும் இலவசச் சேவை இருக்கிறது. கடிதத்தில் உள்ள எண், பாஸ்போர்ட், பிறந்த தேதி விவரங்களை வைத்து நீங்களே பாருங்கள். ஏஜென்ட் அனுப்பும் லிங்க்கைத் தொடாதீர்கள், போலித் தளங்கள் உண்டு. முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். முகவரி சிங்கப்பூர் அரசுத் தளங்களுக்கு உரிய விதத்தில் முடிகிறதா என்று கவனியுங்கள். கடிதம் எப்போது காலாவதியாகும் என்ற தேதியும் அதிலேயே அச்சாகியிருக்கும். அது முடிந்த கடிதத்தோடு விமானம் ஏறினால் இறங்கும் இடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

யாருக்கு எவ்வளவு தரலாம்

சிங்கப்பூர் ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு வரம்பு உண்டு. ஒவ்வோர் ஆண்டு வேலைக்கும் ஒரு மாத நிலையான சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதத்தைத் தாண்டக்கூடாது. 900 வெள்ளிச் சம்பளத்தில் இரண்டாண்டுப் பெர்மிட் என்றால் அதிகபட்சம் 1,800. முதல் ஆறு மாதத்துக்குள் கம்பெனி வேலையை விட்டு நிறுத்தினால் அதில் குறைந்தது பாதியைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் ரசீது இல்லாமல் இந்த உரிமை வெறும் காகிதம். ஏஜென்சியின் உரிம எண்ணையும், உங்களோடு பேசுகிறவரின் பதிவு எண்ணையும் அமைச்சின் ஏஜென்சிப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம்.

ஊரில் இருப்பவருக்கு இந்த வரம்பு பொருந்தாது, அவருக்கு ஊர்ச் சட்டம். இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பட்டியல் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். நடப்பில் கேட்கப்படும் தொகை இதைப்போல் பல மடங்கு என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த அதிகத் தொகை கையில் கொடுத்ததும் மறைந்துபோகும் பணம், எந்த நாட்டுச் சட்டத்தாலும் மீட்பது கடினம். குறைந்தபட்சம் வங்கி வழியாகக் கட்டுங்கள். கடிதத்தைச் சரிபார்க்கும்வரை முழுத் தொகையைத் தராதீர்கள். சிங்கப்பூர், குடிபெயர்வு அனுமதி கேட்கும் 18 நாடுகளின் பட்டியலில் இல்லை. ஆகவே ஈசிஆர் (குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்புள்ள) பாஸ்போர்ட் என்றாலும் அதற்கென்று தனிக் கட்டணம் கேட்பதற்கு வழியில்லை. இலங்கையிலிருந்து போகிறவர் கிளம்புமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

"டூரிஸ்டாகப் போய்விடு, அங்கே பெர்மிட் மாற்றிக்கொள்ளலாம்" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். செல்லுபடியாகும் பாஸ் இல்லாமல் வேலை செய்தால் தொழிலாளிக்கே 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை.

கிளம்பும் வாரம், இறங்கும் வாரம்

மருத்துவச் சோதனை சிங்கப்பூரில், வந்த இரண்டு வாரத்துக்குள், அங்குள்ள பதிவு பெற்ற மருத்துவரிடம் நடக்கும். செலவு கம்பெனியுடையது. மார்பு எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை மூலம் காசநோய், எச்ஐவி, சிஃபிலிஸ், மலேரியா பார்க்கிறார்கள். தேறாவிட்டால் பெர்மிட் வழங்கப்படாது, அடுத்த விமானத்தில் ஊர். கட்டிய பணம் எல்லாம் ஏஜென்ட்டின் மனசாட்சியைப் பொறுத்தது. ஆகவே விதி கேட்கவில்லை என்றாலும், மீதிப் பணம் கட்டுமுன் ஊரிலேயே ஒரு எக்ஸ்ரேயும் இந்த இரத்தச் சோதனைகளும் எடுத்துவிடுங்கள். முன்பு காசநோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்கு நுரையீரலில் தழும்பு இருக்கும். அது படத்தில் தெரிந்து மேல்சோதனைக்கு இழுக்கும். பழைய எக்ஸ்ரே படமும் சிகிச்சை முடித்த சான்றும் கையில் இருந்தால் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். முற்றிலும் இலவசம், இதற்குக் காசு கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. கைப்பையில் பாஸ்போர்ட், ஐபி கடிதத்தின் அச்சு, திறன் சான்றிதழின் அசல், கம்பெனி ஆளின் தொலைபேசி எண். இவற்றின் படங்களை வீட்டில் ஒருவருடைய தொலைபேசியிலும் போட்டு வையுங்கள். உங்கள் தொலைபேசி தொலைந்தால் ஆதாரமும் சேர்ந்து தொலையக்கூடாது.

முதன்முறை வருபவர்களைப் பெரும்பாலும் வரவேற்பு மையத்துக்கு முதலில் அழைத்துப் போவார்கள். மருத்துவச் சோதனையும், சட்டம், உரிமை, எங்கே புகார் சொல்வது என்பவற்றை உங்கள் மொழியில் விளக்கும் அறிமுக வகுப்பும் அங்கே நடக்கும். களைப்பில் பலர் தூங்கிவிடும் வகுப்பு அது. தூங்காதீர்கள், பின்னால் தேவைப்படும் தகவல் முழுவதும் அதில் இருக்கிறது. கட்டுமானத்துக்குச் சேஃப்டி கோர்ஸ் தனியாக உண்டு. வந்த இரண்டு வாரத்துக்குள் உட்கார வேண்டும், மூன்று மாதத்துக்குள் தேற வேண்டும். தேறாவிட்டால் பெர்மிட் ரத்தாகும். தமிழிலும் நடத்துகிறார்கள், எந்த மொழி வேண்டும் என்று முன்கூட்டியே கம்பெனியிடம் சொல்லுங்கள்.

இதெல்லாம் முடிந்து கம்பெனி பெர்மிட்டை வழங்கச் செய்ததும் ஓர் அறிவிப்புக் கடிதம் கிடைக்கும். கைரேகை, புகைப்படம் பதியச் சொன்னால் பெண்டிமீர் ரோட்டில் உள்ள அமைச்சின் சேவை நிலையத்துக்குப் போக வேண்டும். பிறகு கார்டு வரும். எஸ்ஜி ஒர்க்பாஸ் என்ற செயலியில் கார்டை ஸ்கேன் செய்தால் பெர்மிட் உயிரோடு இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று தெரியும். கார்டில் அச்சான தேதியை நம்புவதைவிட மாதம் ஒருமுறை இதைப் பார்ப்பது நல்லது. கம்பெனி சத்தமில்லாமல் ரத்து செய்திருந்தாலும் கார்டு பார்க்க அப்படியேதான் இருக்கும். பெர்மிட் கார்டையும் பாஸ்போர்ட்டையும் நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். "பத்திரமாக இருக்கட்டும்" என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கம்பெனிக்கு உரிமை இல்லை.

பெர்மிட்டோடு வரும் கட்டுகள்

கடிதத்தில் உள்ள முதலாளிக்கு, அதில் உள்ள வேலை மட்டும். ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போவதும் மீறல்தான். குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. சொந்தத் தொழில் கூடாது. சிங்கப்பூர்க் குடிமகள் அல்லது நிரந்தரவாசியைத் திருமணம் செய்ய அமைச்சின் அனுமதி வேண்டும், பெர்மிட் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் இந்த விதி தொடரும். பலருக்கு இது தெரியாது.

சம்பளம், சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் வர வேண்டும், ஓடிப் பணம் 14 நாளுக்குள். விவரமான சம்பளச் சீட்டு தர வேண்டியது கட்டாயம். நீங்கள் வேலை செய்த மணி நேரத்தை நீங்களே ஒரு நோட்டில் தினமும் எழுதி வையுங்கள். தகராறு வந்தால் கம்பெனியின் டைம் கார்டுக்கு எதிரே வைக்க உங்களிடம் அது ஒன்றுதான் இருக்கும்.

கம்பெனி மாற நினைப்பவருக்கு: நடுவில் மாற இப்போதைய முதலாளியின் சம்மதம் தேவை. கட்டுமானத்தில் பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் இருக்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் சம்மதம் இல்லாமலே புதிய கம்பெனி விண்ணப்பிக்கலாம். 21 நாளுக்குள் வந்துவிட்டால் அந்த ஜன்னல் மூடிவிடும். முடியும் தேதியைச் செயலியில் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, 40-ஆவது நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். புதிய கம்பெனி தேடுவதை அன்று தொடங்குவது தாமதம். அன்று விண்ணப்பம் போடத் தயாராக இருக்க வேண்டும்.

வேலை முடிந்து அனுப்பும்போது ஊர் திரும்பும் டிக்கெட் கம்பெனி செலவு, பாக்கிச் சம்பளம் முழுவதும் தீர்த்துவிட்டே அனுப்ப வேண்டும். தீர்க்காமல் ஏர்போர்ட்டுக்கு இழுத்துப் போனால் குடிநுழைவுக் கவுன்டரில், முத்திரை குத்துமுன், சம்பளம் பாக்கி இருக்கிறது என்று அதிகாரியிடம் சொல்லுங்கள். அவர் மனிதவள அமைச்சுக்குத் தகவல் தருவார். சம்பளக் கோரிக்கையை டிஏடிஎம் என்னும் தகராறு தீர்வு அமைப்பில் பதிய வேண்டும். வேலையில் இருக்கும்போது என்றால் பாக்கி விழுந்த ஓர் ஆண்டுக்குள், வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். வேலையிடத்தில் அடிபட்டவர், பெர்மிட் ரத்தாகிவிட்டது என்பதற்காக இழப்பீட்டு உரிமையை இழப்பதில்லை. வழக்கு நடக்கும் காலத்தில் தங்குவதற்குச் சிறப்பு பாஸ் என்று ஒன்று தருவார்கள். அதில் அனுமதி இல்லாமல் வேலை செய்யக்கூடாது.